பக்கத்துப் பீடரில் பழுது, நம் பீடரில் டிரிப்: தனியார் மின்நிலையம் இணைந்த பிறகு ரிலே ஒருங்கிணைப்பு எங்கே குலைகிறது?

பதினோரு_கேவி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். 33/11 கேவி துணைமின் நிலையம் ஒன்றில் ரிலேக்களை (பழுது மின்னோட்டத்தைக் கண்டு பிரேக்கரைத் திறக்கவைக்கும் கருவிகள்) கவனிக்கும் வேலை என்னுடையது. எங்கள் கிராமப் பீடரில் (நிலையத்திலிருந்து கிளம்பும் 11 கேவி விநியோக வழி), நிலையத்திலிருந்து 4 கி.மீ. தள்ளி, சீமைக் கருவேல விறகில் ஓடும் சிறிய தனியார் மின்நிலையம் ஒன்று இணைந்திருக்கிறது. 4 எம்விஏ சிங்க்ரனஸ் ஜெனரேட்டர். அது வந்ததிலிருந்து ஒரே தொல்லை. பக்கத்து ஊர்ப் பீடரில் மட்டை விழுந்தாலும் இன்சுலேட்டர் வெடித்தாலும் ஒரு பழுதும் இல்லாத கிராமப் பீடரும் சேர்ந்து டிரிப் ஆகி விழுகிறது. சில வேளை ஊர்ப் பீடருக்கு முன்பே விழுந்துவிடுகிறது.

விவரங்கள்: மின்மாற்றி 10 எம்விஏ, இம்பிடன்ஸ் 10 சதவீதம், டெல்டா-ஸ்டார், 11 கேவி நியூட்ரல் நேரடியாக எர்த். 33 கேவி பக்கத்துப் பழுதுத் திறன் 200 எம்விஏ. கிராமப் பீடர் 12 கி.மீ.; சிடி (மின்னோட்டத்தை ரிலேவுக்கு அளந்து தருவது) 300/1, ஓவர் கரண்ட் பிக்கப், அதாவது ரிலே எழும் அளவு, 100 சதவீதம், டிஎம்எஸ் (ரிலே நேரத்தைப் பெருக்கும் எண்) 0.1. ஊர்ப் பீடர் சிடி 400/1, 100 சதவீதம், டிஎம்எஸ் 0.25. எர்த் பால்ட் (ஃபேஸ் மண்ணைத் தொடும் பழுது) பிக்கப் இரண்டிலும் 20 சதவீதம். டிஎம்எஸ் கிராமத்துக்கு 0.1, ஊருக்கு 0.2. எல்லாம் நார்மல் இன்வெர்ஸ் வளைவு, மின்னோட்டம் கூடக் கூட நேரம் குறையும். ஹைசெட் (பெரிய மின்னோட்டத்துக்கு உடனே விழவைக்கும் பகுதி) இரண்டிலும் அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது.

"திசை பார்க்கும் ரிலே போட்டால் தீர்ந்தது" என்கிறார் மேலதிகாரி. தீருமா?

கண்ட்ரோல்ரூம் எழுதியது:

தீரும். பாடப்புத்தகத்தில் இருக்கும் கதைதான் இது. பக்கத்துப் பீடரின் பழுதுக்கு உங்கள் ஜெனரேட்டர் பின்னோக்கி மின்னோட்டம் அனுப்புகிறது. சாதாரண ஓவர் கரண்ட் ரிலேவுக்கு அளவு தெரியும், திசை தெரியாது. 67 (திசை பார்க்கும் ஓவர் கரண்ட் ரிலே) போடுங்கள், மறந்துவிடுங்கள்.

செட்டிங்_தாள் எழுதியது:

ரிலே வாங்குவதற்கு முன் ஒரு தாளில் கணக்குப் போட்டுப் பார்ப்போம், தம்பி. காசு நம்முடையது இல்லை என்பதற்காக அவசரப்பட வேண்டாம்.

11 கேவி பக்கம் பார்த்தால் கிரிட் 0.605 ஓம், மின்மாற்றி 1.21 ஓம், மொத்தம் 1.815 ஓம். பஸ்பாரில் (எல்லாப் பீடர்களும் கிளம்பும் பொதுக் கம்பி) மூன்று ஃபேஸ் பழுது என்றால் கிரிட்டிலிருந்து சுமார் 3,500 ஆம்பியர். ஜெனரேட்டருக்கு சப்டிரான்சியன்ட் ரியாக்டன்ஸ் 18 சதவீதம், அதன் மின்மாற்றிக்கு 6 சதவீதம் என்று வைத்துக்கொள்கிறேன், 7.26 ஓம் வரும். 4 கி.மீ. கம்பிக்குக் கி.மீ.க்கு 0.45 வீதம் 1.8 ஓம். ஆக ஜெனரேட்டரிலிருந்து பஸ்பாருக்கு வருவது சுமார் 700 ஆம்பியர். கோணங்களைப் பார்க்காமல் அளவுகளை மட்டும் கூட்டியிருக்கிறேன். இந்த வேலைக்கு அது போதும்.

ரிலே நேரம் உங்களுக்கே தெரியும்: 0.14-ஐ, மடங்கின் 0.02 அடுக்கிலிருந்து ஒன்றைக் கழித்து வருவதால் வகுத்து, டிஎம்எஸ்ஸால் பெருக்க வேண்டும். கிராமப் பீடர் 700/300, அதாவது 2.34 மடங்கு: 0.82 விநாடி. ஊர்ப் பீடர் 4,200/400, அதாவது 10.5 மடங்கு: 0.73 விநாடி. இடைவெளி 0.09 விநாடிதான். பிரேக்கர் திறக்கும் நேரம், ரிலே பிழை, கொஞ்சம் பாதுகாப்பு எல்லாம் சேர்த்து எண்முறை ரிலேக்களுக்கே 0.3 விநாடி விடுவது வழக்கம். ஆகவே இரண்டும் சேர்ந்து விழுவதில் வியப்பில்லை.

ஆல்டர்னேட்டர் எழுதியது:

கூட்டல் பெருக்கல் சரி. ஆனால் முக்கால் விநாடி நடக்கும் கதைக்கு சப்டிரான்சியன்ட் மதிப்பைப் போட்டிருக்கிறீர்கள், ஐயா. அது முதல் சில சைக்கிள்களுக்கு மட்டுமே செல்லும். அதற்கடுத்த கட்டத்துக்கான டிரான்சியன்ட் ரியாக்டன்ஸ் 25 சதவீதம் என்று எடுத்தால் பஸ்பாருக்கு வருவது சுமார் 570 ஆம்பியர். கிராமப் பீடர் ரிலேவுக்கு 1.09 விநாடி ஆகிறது. ஊர்ப் பீடருக்கு 0.74. இடைவெளி 0.35 விநாடி. நேரம் போகப் போக ஜெனரேட்டர் மின்னோட்டம் இன்னும் தேய்வதால் நிஜ இடைவெளி இதைவிடக் கூடுதலாகவே இருக்கும். அதாவது ஓவர் கரண்ட் ரிலே விழுந்திருக்கக் கூடாது.

அதைவிட ஒன்று. கிராமப் பீடர் முந்தி விழுகிறது என்கிறார். மேலே உள்ள எந்தக் கணக்கிலும் அது வரவில்லை.

பதினோரு_கேவி, இரண்டு கேள்வி. ரிலேயில் எந்தக் கொடி (எதனால் டிரிப் என்று காட்டும் அடையாளம்) விழுந்திருந்தது? ஜெனரேட்டர் ஓடாத நாளில் இப்படி நடந்ததுண்டா?

பதினோரு_கேவி எழுதியது:

பதிவேட்டைப் புரட்டிவிட்டு வருகிறேன். கொடி ஒவ்வொரு முறையும் எர்த் பால்ட்தான். நாங்கள் அதை "எப்படியோ டிரிப்" என்று எழுதிவிட்டு நகர்ந்திருக்கிறோம். கொதிகலன் பராமரிப்புக்காக நிலையம் நின்றிருந்த வாரத்திலும் விழுந்திருக்கிறது! ஜெனரேட்டர் நின்றாலும் மின்மாற்றி சார்ஜில்தான் இருக்கும். அவர்களின் பம்புகளுக்கும் விளக்குக்கும் அதிலிருந்துதான் மின்சாரம்.

செட்டிங்_தாள் எழுதியது:

அப்படியானால் ஜெனரேட்டரை விடுங்கள், மின்மாற்றியைப் பிடியுங்கள். அதன் பெயர்ப்பலகையில் 11 கேவி பக்கம் என்ன இணைப்பு?

பதினோரு_கேவி எழுதியது:

11 கேவி பக்கம் ஸ்டார், ஜெனரேட்டர் பக்கம் டெல்டா. ஸ்டார் நியூட்ரல் ஒரு பட்டை வழியாக நேராக எர்த் குழிக்குப் போகிறது. நடுவில் எதுவும் இல்லை.

இன்னொன்று. ரிலேயில் பதிவாகியிருந்த டிஸ்டர்பன்ஸ் ரெக்கார்டை இறக்கிப் பார்த்தேன். இரவு இரண்டு மணிக்கு நடந்த டிரிப். சுமை மிகக் குறைவு. ஆர், ஒய், பி மூன்று மின்னோட்ட அலைகளும் 120 டிகிரி பிரிந்து நிற்காமல் ஒன்றன்மேல் ஒன்று படிந்து, ஒரே அலைபோல ஏறி இறங்குகின்றன. சிடி வயரிங்கில் கோளாறோ என்றுதான் முதலில் நினைத்தேன்.

ஆல்டர்னேட்டர் எழுதியது:

வயரிங் சரியாகவே இருக்கிறது. மூன்று அலைகளும் சேர்ந்து நடப்பதற்குப் பெயர்தான் ஜீரோ சீக்வென்ஸ் மின்னோட்டம். அந்தப் படமே பாதி விடை.

எர்த் பக்கம் ஸ்டார், மறுபக்கம் டெல்டா என்று ஒரு மின்மாற்றியை வைத்தால் அது பின்னால் ஜெனரேட்டர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் எர்த் பால்ட் மின்னோட்டத்துக்கு ஒரு மூலம். டெல்டாவுக்குள் மின்னோட்டம் சுற்றிவர வழி இருக்கிறது, அது போதும். ஊர்ப் பீடரில் ஒரு ஃபேஸ் மண்ணைத் தொட்டால் துணைமின் நிலைய நியூட்ரல் வழியே வருவதோடு, 4 கி.மீ. தள்ளியிருக்கும் அந்தத் தனியார் நியூட்ரல் வழியேயும் மின்னோட்டம் ஏறி, கிராமப் பீடரில் பின்னோக்கி வந்து, பஸ்பார் கடந்து பழுதில் சேர்கிறது. கிராமப் பீடர் சிடிகள் அதை முழுசாகப் பார்க்கின்றன.

அளவு என்ன? தனியார் மின்மாற்றியின் 6 சதவீதம் 1.815 ஓம். கம்பிக்கு ஜீரோ சீக்வென்ஸ் இம்பிடன்ஸ் சாதாரண மதிப்பின் மூன்று மடங்கு என்று வைத்தால் 5.4 ஓம். ஆக 7.2 ஓம். துணைமின் நிலையப் பக்கம் 1.21 ஓம். ஊர்ப் பீடரின் தொடக்கத்திலேயே எர்த் பால்ட், ஜெனரேட்டர் நிறுத்தம் என்று கணக்கிட்டால் மொத்தம் சுமார் 4,080 ஆம்பியர். அதில் ஏழில் ஒரு பங்கு, அதாவது 590 ஆம்பியர் அளவுக்குக் கிராமப் பீடர் வழியே வருகிறது. உங்கள் எர்த் பால்ட் பிக்கப் 60 ஆம்பியர். கிட்டத்தட்ட 10 மடங்கு, டிஎம்எஸ் 0.1-க்கு 0.30 விநாடி. ஊர்ப் பீடரில் 80 ஆம்பியர் பிக்கப்புக்கு 50 மடங்கு வந்தாலும் பல ரிலேக்களில் வளைவு 20 மடங்கோடு தட்டையாகிவிடும், டிஎம்எஸ் 0.2-க்கு 0.45 விநாடி.

0.30, 0.45. பழுதில்லாத பீடர் முந்தி விழுவது ஏன் என்று இப்போது தெரிகிறதா?

கண்ட்ரோல்ரூம் எழுதியது:

சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் என் மருந்து மாறவில்லை. 67-க்குப் பதில் 67என் (எர்த் பால்டுக்கான திசை ரிலே) போடுங்கள். இல்லையென்றால் அந்த நியூட்ரலைக் கழற்றிவிடச் சொல்லுங்கள், ஒரு ஸ்பேனர் போதும்.

ஆல்டர்னேட்டர் எழுதியது:

நியூட்ரலைக் கழற்றவே கூடாது. துணைமின் நிலையப் பிரேக்கர் திறந்து, ஜெனரேட்டர் மட்டும் அந்தப் பீடரைத் தாங்கிக்கொண்டிருக்கும் சில நொடிகளை நினைத்துப் பாருங்கள். ஒரு ஃபேஸ் மண்ணில் கிடக்கிறது, எங்கும் எர்த் இணைப்பு இல்லை. மற்ற இரண்டு ஃபேஸ்களும் மண்ணுக்கு எதிராக முழு லைன் மின்னழுத்தத்துக்கு, அதாவது 1.73 மடங்குக்கு ஏறும். லைட்னிங் அரெஸ்டர்கள் வெடிக்கும். பீடரில் இருக்கும் ஒவ்வொரு மின்மாற்றியும் அதைச் சுமக்கும். ஸ்பேனரைப் பெட்டியில் வையுங்கள்.

செட்டிங்_தாள் எழுதியது:

67என் பற்றி. திசை தெரிய மின்னோட்டம் மட்டும் போதாது, ஒப்பிட ஒரு மின்னழுத்தம் வேண்டும். ஓபன் டெல்டாவில் எடுக்கும் எச்ச மின்னழுத்தம் (மூன்று ஃபேஸ் மின்னழுத்தங்களின் கூட்டல்) என்றால், பஸ் பிடி (மின்னழுத்தத்தை அளந்து தரும் மின்மாற்றி) மூன்று தனி ஒற்றை ஃபேஸ் அலகுகளாகவோ ஐந்து லிம்ப் (இரும்பு உள்ளகத்தின் கால்) உள்ளதாகவோ இருக்க வேண்டும். மூன்று லிம்ப் பிடியிலும், இரண்டே அலகுகள் கொண்ட வி-வி இணைப்பிலும் அது கிடைக்காது. நெகட்டிவ் சீக்வென்ஸ் (ஃபேஸ்களின் சமமின்மையால் எழும் எதிர்வரிசைக் கூறு) கொண்டு திசை பார்க்கும் ரிலேக்கள் உண்டு, அவற்றுக்கு வி-வி போதும். ஆனால் ஜெனரேட்டர் நின்றிருக்கும் நாளில் கிராமப் பீடரில் நெகட்டிவ் சீக்வென்ஸ் மின்னோட்டமே சொற்பம். அந்த நிலையில் ரிலே தடுக்குமா, திசை பாராமல் விழுமா என்பது தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும். கையேட்டின் அந்தப் பக்கத்தைப் படிக்காமல் செட்டிங் போடாதீர்கள்.

ஆனால் எனக்கு இதைவிடப் பெரிய கவலை ஒன்று இருக்கிறது. இவ்வளவு நேரமும் பக்கத்துப் பீடரையே பார்த்துக்கொண்டிருக்கிறோம். கிராமப் பீடரின் கடைசியில், 12-வது கி.மீ.யில் எர்த் பால்ட் என்றால் என்ன ஆகிறது?

தனியார் நிலையம் இல்லாதபோது துணைமின் நிலைய ரிலே பார்த்தது சுமார் 600 ஆம்பியர். இப்போது பழுதில் மொத்தம் 715 ஆம்பியர் பாய்கிறது, கூடியிருக்கிறது. ஆனால் இணைப்பிடத்தில் அது இரண்டாகப் பிரிகிறது: துணைமின் நிலையப் பாதை 6.6 ஓம், தனியார் நியூட்ரல் பாதை 1.8 ஓம். நம் ரிலேவுக்குக் கிடைப்பது 21 சதவீதம் சொச்சம், சுமார் 155 ஆம்பியர். 600 இருந்த இடத்தில் 155.

பிக்கப் 60-தானே, விழுந்துவிடுமே என்பீர்கள். இரும்புக் கம்பத்தில் நேராகத் தொட்டால் விழும். கம்பி அறுந்து காய்ந்த மண்ணில் கிடந்தால்? இணைப்பிடத்துக்கு அப்பால் பழுது எங்கே இருந்தாலும், எவ்வளவு எதிர்ப்பு இருந்தாலும் அந்த 21 சதவீதப் பங்கு மாறாது. நம் ரிலேவில் 60 ஆம்பியர் வர வேண்டுமானால் மண்ணில் 280 ஆம்பியர் பாய வேண்டும். 250 ஆம்பியர் பாயும் பழுதை முன்பு இதே செட்டிங்கில் பிடித்த ரிலே இன்று சும்மா இருக்கும். கீழே கிடப்பது உயிருள்ள கம்பி, அந்தப் பக்கம் ஆடு மேய்ப்பவர்கள் இருக்கிறார்கள்.

67என் இதில் ஒரு ஆம்பியரைக்கூடத் திருப்பித் தராது. தொந்தரவு டிரிப் நின்றுவிடும், எல்லோருக்கும் நிம்மதி வந்துவிடும், ஆபத்து அப்படியே இருக்கும். தொந்தரவு கொடுத்த டிரிப்தான் இதைக் காட்டிக்கொடுத்தது.

பதினோரு_கேவி எழுதியது:

இதைப் படித்த பிறகு தூக்கம் வரவில்லை. பிக்கப்பை 20-லிருந்து 10 சதவீதமாக இறக்கலாமா?

செட்டிங்_தாள் எழுதியது:

இறக்கலாம், ஆனால் ஒற்றை ஃபேஸ் சுமைகளின் சமமின்மைக்கே அது விழும். ஒரு மாதத்தில் யாராவது பொறுமை இழந்து 30-க்கு ஏற்றிவைப்பார்கள். பார்த்திருக்கிறேன்.

ஆல்டர்னேட்டர் எழுதியது:

நோய் நியூட்ரலில் இருக்கிறது, மருந்தும் அங்கேயே. அந்த நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே ஒரு ரியாக்டர் (மின்னோட்டத்தை மட்டுப்படுத்தும் சுருள்). 6.5 ஓம் என்று போட்டுப் பார்க்கிறேன். ஜீரோ சீக்வென்ஸ் சுற்றில் அது மூன்று மடங்காக எண்ணப்படும், 19.5 ஓம், மின்மாற்றியோடு சேர்த்து 21.3.

கடைசிக் கி.மீ. எர்த் பால்டில் துணைமின் நிலையத்தின் பங்கு 21 சதவீதத்திலிருந்து 76 சதவீதமாக ஏறுகிறது. 60 ஆம்பியர் பிக்கப்புக்கு மண்ணில் 80 ஆம்பியர் போதும்.

பக்கத்துப் பீடர் பழுதில் பின்னோக்கி வருவது 590-லிருந்து சுமார் 170 ஆம்பியராகச் சுருங்குகிறது. டிஎம்எஸ் 0.1 என்றால் 0.66 விநாடி, இடைவெளி 0.21, போதாது. கிராமப் பீடர் எர்த் பால்ட் டிஎம்எஸ்ஸை 0.15 ஆக்குங்கள்: 0.99 விநாடி. ஜெனரேட்டர் ஓடும்போது 0.87. இரண்டிலும் 0.4 விநாடிக்கு மேல் இடைவெளி. திசை ரிலே தேவைப்படவே இல்லை.

ரியாக்டரை இன்னும் பெரிதாக்கினால் என்ன? 8 ஓமுக்குப் போனால் பங்கீடு மேலும் நன்றாகும். ஆனால் தனித்து ஓடும் நொடிகளில் ஜெனரேட்டர் பக்கத்து ஜீரோ சீக்வென்ஸ் ரியாக்டன்ஸ், பாசிட்டிவ் சீக்வென்ஸின் (சமநிலை ஓட்டத்துக்கான வழக்கமான மதிப்பு) மூன்று மடங்கைத் தாண்டிவிடும். நல்ல ஃபேஸ்களின் மின்னழுத்தம் ஏறும். 6.5-இல் விகிதம் 2.9. அதனால்தான் அங்கே நிறுத்தினேன். நிலையத்தின் நிஜ மதிப்புகளைச் சோதனை அறிக்கையிலிருந்து எடுத்து மறுபடி போடுங்கள். மின்மாற்றி நியூட்ரல் முனையின் இன்சுலேஷன் அதைத் தாங்குமா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். நியூட்ரலிலேயே ஒரு சிடி மாட்டி, அவர்கள் பிரேக்கரைத் திறக்கும் ரிலே ஒன்றும் வேண்டும்; துணைமின் நிலையம் தவறவிட்டால் அது பிடிக்கும்.

கண்ட்ரோல்ரூம் எழுதியது:

எல்லாம் சரி, காசு யார் கொடுப்பது? இணைப்பு கொடுக்கும்போது ஒருவர்கூட அந்தப் பெயர்ப்பலகையைப் பார்க்கவில்லையா?

பதினோரு_கேவி எழுதியது:

அதைப் பற்றி இங்கே எழுதாமல் இருப்பது எனக்கு நல்லது.

வேறொரு கேள்வி. இதே பீடரில் 2 மெகாவாட் சூரிய மின்நிலையம் ஒன்றும் விண்ணப்பித்திருக்கிறது. அதற்கும் இந்தக் கதைதானா?

செட்டிங்_தாள் எழுதியது:

இல்லை. 2 மெகாவாட் என்றால் 11 கேவியில் 105 ஆம்பியர். இன்வெர்ட்டர் பழுது நேரத்திலும் தன் அளவைப்போல 1.1, 1.2 மடங்குக்கு மேல் பெரும்பாலும் கொடுக்காது. 125 ஆம்பியரை வைத்து உங்கள் 300 ஆம்பியர் ஓவர் கரண்ட் ரிலேவை எழுப்பவும் முடியாது, ஏமாற்றவும் முடியாது. சிங்க்ரனஸ் இயந்திரத்துக்கு எழுதிய பாடத்தை அப்படியே இன்வெர்ட்டருக்குப் படிப்பவர்கள் அதிகம். அங்கே கவனிக்க வேண்டியது ரீகுளோசர், அதாவது டிரிப் ஆன வழியைத் தானே மறுபடி மூடும் பிரேக்கர். நம் இந்திய விதிகளின்படி, கிரிட்டிலிருந்து பிரிந்து தனித்து விடப்பட்ட உற்பத்தி 2 விநாடிக்குள் விலக வேண்டும். உங்கள் ரீகுளோசர் ஒரு விநாடியில் மறுபடி மூடினால் எதிர்ப்பக்கம் இன்னும் உயிரோடு இருக்கலாம். இன்வெர்ட்டர் சும்மா டிரிப் ஆகும். விறகு நிலையத்து ஜெனரேட்டரோ ஃபேஸ் பொருந்தாமல் மூடினால் தண்டே முறுக்கிக்கொள்ளும். லைனில் மின்னழுத்தம் இருந்தால் மூடாதே என்ற தடையைப் போடுங்கள். இரண்டும் ஒரே பீடரில் என்றால், சிங்க்ரனஸ் இயந்திரம் மின்னழுத்தத்தைப் பிடித்துவைத்திருக்கும்வரை இன்வெர்ட்டருக்குத் தான் தனித்துவிட்டது என்பதே தெரியாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

தேம்ஸ்கரை எழுதியது:

தனித்து ஓடுவதைக் கண்டுபிடிக்கும் ரிலேவை அளவுக்கு மீறிக் கூர்மையாக வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு இங்கே, பிரிட்டனில், நல்ல சான்று இருக்கிறது. 9 ஆகஸ்ட் 2019 மாலை 4.52-க்கு ஒரு 400 கேவி பாதையில் இடி விழுந்தது. பழுது நொடிக்குள் நீங்கியது. ஆனால் ஹார்ன்சீ கடல் காற்றாலையிலிருந்து 737 மெகாவாட் போயிற்று, லிட்டில் பார்ஃபோர்டு எரிவாயு நிலையமும் தடுமாறியது. இவற்றோடு, ஊரெங்கும் விநியோகக் கம்பிகளில் இருந்த சிறு உற்பத்திகள் தாங்கள் தனித்துவிட்டதாக நினைத்துக் கூட்டமாக விலகின: மின்னழுத்தக் கோணம் திடீரெனத் தாவுவதைப் பார்க்கும் வெக்டர் ஷிஃப்ட் ரிலேக்களால் சுமார் 150 மெகாவாட், அதிர்வெண் மாறும் வேகத்தைப் பார்க்கும் ரிலேக்களால் சுமார் 350 மெகாவாட். அதிர்வெண் 48.8 ஹெர்ட்ஸுக்கு இறங்கி, பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட நுகர்வோருக்கு மின்சாரம் துண்டிக்கப்பட்டது. பழைய செட்டிங் விநாடிக்கு 0.125 ஹெர்ட்ஸ். இப்போது விநாடிக்கு 1 ஹெர்ட்ஸ், அதுவும் அரை விநாடி பொறுத்து; வெக்டர் ஷிஃப்ட் பாதுகாப்பை எடுத்தே விட்டார்கள்.

பனையடி எழுதியது:

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். 2025 பெப்ரவரி 9 ஞாயிறு முற்பகல் நாடு முழுவதும் இருளில் மூழ்கியதை எல்லோரும் பாணந்துறைத் துணைமின் நிலையத்துக்குள் புகுந்த குரங்கின் கதையாகவே நினைவில் வைத்திருக்கிறார்கள். மின்பொறியியல் படித்தவர்கள் பேசியது வேறு: ஞாயிறு, மின்கேள்வி குறைவு, சூரிய மின் உற்பத்தி உச்சத்தில், சுழலும் மின்பிறப்பாக்கிகள் குறைவு. அந்த நேரத்தில் ஒரு பழுது தாங்க முடியாத பழுதாகிவிடுகிறது. தேம்ஸ்கரை அண்ணா சொல்வதுபோல 11 கேவியில் போடும் செட்டிங் 11 கேவியோடு நிற்பதில்லை.

தம்பிக்கு ஒன்று. எங்கள் மலையகத்தில் 33 கேவி வழிகளில் சிறு நீர்மின் நிலையங்கள் நிறைய. கூரைச் சூரிய மின்னைவிட அவற்றின் பாதுகாப்புத்தான் கவனம் கேட்கும். அங்கும் முதலில் பார்ப்பது மின்மாற்றியின் இணைப்பைத்தான்.

பதினோரு_கேவி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. மேலதிகாரியிடம் கணக்குத் தாளைக் காட்டினேன். 155 ஆம்பியர் என்ற எண்ணில் விரலை வைத்துவிட்டு வெகுநேரம் பேசவில்லை. ரியாக்டர் கேட்டு நிலையத்துக்குக் கடிதம் போகிறது. வரும்வரை என்ன செய்வது?

செட்டிங்_தாள் எழுதியது:

வரும்வரை இணைப்பிடத்தைத் தாண்டி முதல் கம்பத்தில் ஒரு ரீகுளோசர் கிடைக்குமா பாருங்கள். இரண்டு பக்கத்து மின்னோட்டமும் சேர்ந்த பிறகு உள்ள இடம் அது. பழுதின் முழு அளவையும் பார்க்கும். அதுவும் கிடைக்காவிட்டால் நிலையம் நிற்கும் நாட்களில் அவர்களின் மின்மாற்றியைத் துண்டித்துவைக்கச் சொல்லுங்கள். பம்புக்கு வேறு வழி பார்த்துக்கொள்ளட்டும். ஊர்ப் பீடரில் ஹைசெட்டையும் எழுப்புங்கள். அதன் ரீகுளோசர் 5 கி.மீ.யில் இருக்கும் என்று வைத்தால் அங்கே வரும் பழுது சுமார் 1,700 ஆம்பியர், அதைப்போல 1.3 மடங்கு, 2,200-இல் வைத்தால் முதல் மூன்று கி.மீ. ஃபேஸ் பழுதுகள் உடனே போய்விடும். இன்ரஷ் (மின்மாற்றிகளை இணைக்கும் கணத்தில் பாயும் பெரிய மின்னோட்டம்) பயம் இருந்தால் இரண்டாம் ஹார்மானிக் தடையைச் சேருங்கள்.

சூரிய மின்நிலையத்தின் மின்மாற்றிக்கு 11 கேவி பக்கம் என்ன இணைப்பு என்று கேட்டீர்களா?

பதினோரு_கேவி எழுதியது:

வரைபடத்தில் டெல்டா என்று போட்டிருக்கிறார்கள். பெயர்ப்பலகையை நேரில் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.